ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊர்: குழந்தைகள் நலத் திட்டங்களை அளப்பதும் முடிவெடுப்பதும்

தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பெரும்பாலான மையங்களுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என இரண்டு பேரே ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள். சமையலும் மையத்தின் தூய்மையும் உதவியாளரின் பொறுப்பு. பணியாளர் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் எண்ணும் எழுத்தும் சொல்லித்தர வேண்டும். அவர்களின் எடையையும் உயரத்தையும் பார்த்துக் குறிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு வழங்க வேண்டும். தடுப்பூசி நாளில் கிராமச் செவிலியருக்குத் துணை நிற்க வேண்டும். வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்க வேண்டும். இவை அனைத்தையும் பதிவேடுகளிலும் கைப்பேசிச் செயலியிலும் ஏற்றி முடிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் முன்பருவக் கல்விக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இந்த நிலைமையைச் சீராக்க அரசுக்கு ஆண்டுக்கு 300 கோடி ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு ஒழுகும் கட்டடங்களைப் பழுதுபார்க்கலாம். உணவின் அளவையும் தரத்தையும் கூட்டலாம். பணியாளர்களுக்குப் பயிற்சி தரலாம். விளையாட்டுப் பொருள்கள் வாங்கலாம். மையத்துக்கு இன்னோர் ஆளை நியமிக்கலாம். இவற்றில் எதையும் வீண் என்று தள்ள முடியாது என்பதே முடிவெடுப்பவரின் சிக்கல். ஒன்றுக்குச் செலவிட்ட பணம் மற்றொன்றுக்குக் கிடைக்காது என்பதால், அதே ரூபாய் எந்த இடத்தில் பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் பயன்படும் என்று கேட்டாக வேண்டியிருக்கிறது. பொருளாதார ஆய்வு பொதுக் கொள்கைக்குத் துணையாக வருவது பெரும்பாலும் இந்தக் கேள்வியின் வழியாகத்தான்.

மேலே சொன்ன தேர்வுகளில் ஒன்று தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், மாநில அரசின் ஒத்துழைப்போடு, 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 160 மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக நியமிக்கப்பட்டார். மற்ற 160 மையங்கள் வழக்கம்போல் இயங்கின. 18 மாதங்களுக்குப் பிறகு இரண்டு தொகுதிகளையும் சேர்ந்த பிள்ளைகளின் கற்றலும் உடல்வளர்ச்சியும் அளக்கப்பட்டன.

புதிய பணியாளர் வந்த மையங்களில் கற்பித்தலுக்குக் கிடைத்த நேரம் ஏறத்தாழ இரு மடங்கானது. மையத்தில் தொடர்ந்து படித்த பிள்ளைகளின் மதிப்பெண் கணக்கில் 0.29 திட்ட விலக்கமும் மொழியில் 0.46 திட்ட விலக்கமும் உயர்ந்தது. திட்ட விலக்கம் என்ற அளவை பழகாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: 100 பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், மேலும் கீழுமாகச் சரிபாதியில் நிற்கும் பிள்ளை, மொழிப் பாடத்தில் ஏறத்தாழ 68 பேரைத் தாண்டி நிற்கும் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. என்னைக் கூடுதலாக யோசிக்க வைத்த செய்தி வேறொன்று. புதியவர் கல்வியைக் கவனித்துக்கொண்டதால் பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிகளுக்கு நேரம் கிடைத்தது. அந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும் கடுமையாக ஊட்டம் குன்றிய பிள்ளைகளும் குறைவாக இருந்தார்கள். உணவுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல் உடல்நலத்தில் வந்த மாற்றம் அது. ஊட்டக்குறைவு என்றதும் உணவின் அளவை மட்டும் பார்க்கப் பழகிய நமக்கு, வேலை செய்யும் ஆளின் நேரமும் ஒரு பற்றாக்குறைதான் என்பதை இந்த முடிவு எடுத்துக்காட்டுகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் குலுக்கல் ஏன் தேவைப்பட்டது? ஏற்கெனவே கூடுதல் ஆள் இருக்கும் மையங்களைத் தேடிப்பிடித்து மற்றவற்றோடு ஒப்பிட்டிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் கூடுதல் ஆளைக் கேட்டு வாங்கிய ஊர், பெரும்பாலும் பெற்றோர் விழிப்பாக இருக்கும் ஊராகவோ, ஊராட்சித் தலைவர் அக்கறையுள்ள ஊராகவோ இருக்கும். அங்கே பிள்ளைகள் நன்றாகப் படித்தால் அதற்குக் காரணம் அந்தப் பணியாளரா, அந்த ஊரா என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஒரே மையத்தின் முந்தைய ஆண்டையும் இந்த ஆண்டையும் ஒப்பிட்டாலும் இதே தொல்லை உண்டு. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகளின் வயது கூடியிருக்கும், மழை நன்றாகப் பெய்திருக்கும், விலைவாசி மாறியிருக்கும். திட்டம் வராமல் இருந்திருந்தால் இதே ஊர் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் உண்மையான கேள்வி. அந்த ஊரை நாம் ஒருபோதும் காண முடியாது. அதற்கு மிக நெருக்கமான மாற்று, திட்டம் கிடைக்காதது தவிர வேறெந்த வகையிலும் வேறுபடாத இன்னோர் ஊர். போதிய எண்ணிக்கையிலான மையங்களைக் குலுக்கிப் பிரிக்கும்போது அப்படிப்பட்ட ஊர்கள் நமக்குக் கிடைத்துவிடுகின்றன.

குலுக்கலில் வராத ஊர்ப் பிள்ளைகளுக்கு இது அநீதி இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எல்லா மையங்களுக்கும் உடனே ஆள் நியமிக்கப் பணம் இருந்து, பயனும் உறுதியாகத் தெரிந்திருந்தால், காக்க வைப்பது தவறு. பணம் போதாத நிலையில் எப்படியும் சில ஊர்கள் காத்திருக்கத்தான் போகின்றன. யார் காத்திருப்பது என்பதைச் செல்வாக்கு முடிவு செய்வதைவிடக் குலுக்கல் முடிவு செய்வது நியாயமானது என்பதே என் கருத்து.

ஆய்வு முடிவு கையில் வந்தவுடன் கொள்கை உருவாகிவிடுவதில்லை. 54,000 மையங்களுக்குத் தலா ஒருவர், மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 324 கோடி ரூபாய் ஆகிறது. பிள்ளைகள் பெரியவர்களானபின் கூடுதலாக ஈட்டக்கூடிய வருவாயையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், பயன் செலவைவிடப் பன்மடங்கு என்றே மதிப்பிட்டார்கள். எனினும் நிதித்துறை அதிகாரியின் மேசையில் வேறு கேள்விகள் எழும். சோதனைக்காக 160 பேரை மதிப்பூதியத்தில் அமர்த்துவது எளிது; மாநிலம் முழுவதும் 54,000 பேரை அமர்த்திவிட்டு அதே மதிப்பூதியத்தில் வைத்திருக்க முடியுமா? சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்கள் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆகவே செலவுக் கணக்கைப் போடும்போதே அதையும் சேர்த்துப் போடுவதுதான் நேர்மை.

சிறிய அளவில் பலித்தது பெரிய அளவில் பலிக்காமல் போவதும் உண்டு. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை நியமிக்கும் திட்டம் ஒன்றைச் சில பள்ளிகளில் தன்னார்வத் தொண்டு நிறுவனம் வழியாகவும் சில பள்ளிகளில் அரசு வழியாகவும் நடத்திப் பார்த்தார்கள். தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் பிள்ளைகளின் கற்றல் உயர்ந்தது. அரசு நடத்திய இடங்களில் உயர்வே தென்படவில்லை. திட்டத்தின் வடிவம் ஒன்றேயாயினும் ஊதியம் தவறாமல் கைக்கு வருவது, மேற்பார்வை, தொழிற்சங்கத்தின் நிலைப்பாடு ஆகியவை வேறு. இக்காரணத்தால், அரசு தன் சொந்த ஊழியர்களைக்கொண்டு, தன் வழக்கமான கருவூல முறையிலேயே நடத்திப் பார்க்கும் சோதனைக்குத்தான் கொள்கை வகுப்பவர் கூடுதல் எடை தர வேண்டும்.

ஆய்வு எந்த இடத்தில் பேசலாம், எந்த இடத்தில் அதன் சொல் போதாது என்பதை உணர்த்த, தமிழ்நாட்டின் உணவுத் திட்டங்களைவிடப் பொருத்தமான வரலாறு கிடைப்பது அரிது. 1980இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி தளர்ந்தவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு தருவது அதன் முறை. யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் என்ற சிக்கனம் அதன் அடிப்படை; அளவிடுவதும் ஒப்பிடுவதும் திட்டத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தன. அது நடந்துகொண்டிருந்தபோதே, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. கிராமப்புறங்களில் 2 வயது முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் சமைத்த உணவு. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் அது நீண்டது. இவ்வளவு பெரிய செலவை மாநிலம் தாங்காது, இது வெறும் கவர்ச்சித் திட்டம் என்ற கண்டனம் அப்போது பலமாக எழுந்தது.

மதிப்பீட்டாளரின் கண்ணோடு பார்த்தால் 1982 ஓர் இக்கட்டான ஆண்டு. எங்கெங்கும் உணவு வந்துவிட்டபின், இரண்டு வயது கடந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை, உணவு இல்லாத ஊர் என்று சொல்லி ஒப்பிட மாநிலத்தில் ஓர் ஊரும் மிஞ்சவில்லை. முந்தைய திட்டத்தின் பயன் எது, புதியதன் பயன் எது என்று பிரிப்பதும் கடினமாயிற்று. ஆனால் பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குச் சோறு போடலாமா என்று ஆய்வு செய்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 1956இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தபோதும், 2001 நவம்பரில் எல்லா மாநிலங்களும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோதும், முடிவுக்கு அடிப்படையாக நின்றது ஒரு மதிப்பு, ஓர் உரிமை. எதை நாம் அடிப்படைக் கடமையாகக் கருதுகிறோம் என்பதைப் புள்ளிவிவரம் தீர்மானிப்பதில்லை. தீர்மானித்த கடமையை எப்படி நிறைவேற்றினால் பிள்ளைக்கு முழுப்பயனும் போய்ச்சேரும் என்பதில்தான் அதற்கு வேலை.

அந்த வேலையும் பல ஆண்டுகள் பிடிக்கும். பள்ளியில் மதிய உணவு தரப்படும் ஊர்களில் பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் விகிதம் சுமார் 15 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இருப்பதாக ஜான் திரேஸும் கீதா கிங்டனும் வட இந்தியக் கிராமங்களைப் பற்றிய தரவுகளிலிருந்து 2001இல் காட்டினார்கள். உணவின் இன்னொரு பயன் தெரியவர மேலும் 20 ஆண்டுகள் ஆயின. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெவ்வேறு மாநிலங்கள் வெவ்வேறு காலத்தில் மதிய உணவைக் கொண்டுவந்ததையே ஒப்பீட்டுக்குக் கருவியாக்கி, 23 ஆண்டுத் தரவுகளை அலசியது. சிறுவயதில் பள்ளியில் உண்ட பெண்கள் பின்னாளில் தாயானபோது, அவர்கள் பிள்ளைகளின் வயதுக்கேற்ற உயரம், அந்த உணவு கிடைக்காத தாய்மார்களின் பிள்ளைகளைவிட 0.40 திட்ட விலக்கம் கூடுதலாக இருந்தது. 1982இல் வரவுசெலவுத் திட்டத்தைப் போட்டவர் எவரும் இந்தப் பயனைக் கணக்கில் சேர்த்திருக்க முடியாது. ஐந்தாண்டு முடிவில் அளந்து ‘பயனில்லை’ என்று ஒரு திட்டத்தை மூடச் சொல்லும் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண் நினைவுக்கு வருகிறது.

நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை ஆய்வு செய்து, ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் வகுத்து, அதை அதிகாரிகள் தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடு ஒன்று கொண்டுவரப்பட்டது. கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் அதைக் குலுக்கல் முறையில் மதிப்பிட்டார்கள். ஆய்வுகள் நடந்தன, அறிக்கைகள் எழுதப்பட்டன, திட்டங்கள் வகுக்கப்பட்டன. ஆனால் ஆசிரியர் வருகையிலோ கற்பிப்பதிலோ பிள்ளைகளின் மதிப்பெண்ணிலோ எந்த மாற்றமும் இல்லை. அப்படியிருந்தும் அது வெற்றித் திட்டமாகக் கருதப்பட்டு, இந்தியா முழுவதும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. எத்தனை பள்ளிகள் ஆய்வு செய்யப்பட்டன, எத்தனை அறிக்கைகள் வந்துசேர்ந்தன என்ற எண்ணிக்கை மேலதிகாரியின் திரையில் நாள்தோறும் தெரியும். பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்பது தெரியாது. கண்காணிப்பும் மதிப்பீடும் வெவ்வேறு வேலைகள் என்பதை அரசு அலுவலகங்கள் இன்னும் அழுத்தமாக உணர வேண்டியிருக்கிறது.

மதிப்பீடு உரிய நேரத்தில் கிடைத்ததற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. பெருந்தொற்றால் பள்ளிகள் சுமார் 18 மாதங்கள் மூடிக் கிடந்தன. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, தங்கள் தெருவிலேயே மாலைநேர வகுப்பு. பிள்ளைகள் எவ்வளவு இழந்தார்கள், எவ்வளவு மீட்டார்கள் என்று சொல்ல, இழப்புக்கு முன் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது தெரிய வேண்டும். நல்வாய்ப்பாக, பெருந்தொற்று வரும் என்று யாரும் அறிந்திராத 2019 ஆகஸ்டிலேயே தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிள்ளைகளின் கற்றல் அளவு எடுக்கப்பட்டிருந்தது. அதை அடித்தளமாகக் கொண்டு அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள்.

2021 டிசம்பரில் அந்தப் பிள்ளைகள், 2019இல் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் சுமார் 0.7 திட்ட விலக்கமும் மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்களின் மதிப்பீடு. இதில் குலுக்கல் இல்லை. மாலை வகுப்புக்குப் போனவர்களையும் போகாதவர்களையும், அவர்களின் முந்தைய மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டார்கள். ஆகவே அங்கன்வாடிச் சோதனையின் எண் அளவுக்கு இதை அழுத்திச் சொல்ல முடியாது. ஆயினும் பின்தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் கூடுதலாக இழந்து, பிறகு கூடுதல் வேகத்தில் மீண்டார்கள் என்ற செய்தி, யாருக்காக அந்தத் திட்டம் தொடங்கப்பட்டதோ அவர்களையே அது சென்றடைந்தது என்பதற்கு வலுவான அறிகுறி.

இப்படிப்பட்ட ஆய்வுகள் தானாக நிகழ்வதில்லை. மாநிலத் திட்டக் குழு 1971 முதல் இருக்கிறது. 2014இல் தமிழ்நாடு அரசு, திட்டங்களைக் குலுக்கல் முறையில் மதிப்பிடும் அப்துல் லத்தீப் ஜமீல் வறுமை ஒழிப்பு ஆய்வகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. 2021இல் எஸ்தர் டஃப்லோ, ஜான் திரேஸ் உள்ளிட்ட ஐவர் கொண்ட பொருளாதார ஆலோசனைக் குழு முதலமைச்சருக்கு அமைந்தது. நிறுவனங்கள் இருந்தும், ஆய்வு முடிவு அரசாணையாக மாறும் இடத்தில்தான் பெரும்பாலும் தடை. அமெரிக்காவில் 30 நகரங்களில் நகராட்சிகளே முன்வந்து நடத்திய 73 சோதனைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, 27 விழுக்காடு மட்டுமே பின்னர் நடைமுறைக்கு வந்திருந்தன. முடிவு எவ்வளவு வலுவானது என்பதைவிட, சோதிக்கப்பட்ட மாற்றம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு பணிக்குள் பொருந்தியதா என்பதே பெரிதும் தீர்மானித்தது. புதிதாக ஓர் ஏற்பாட்டை உருவாக்க வேண்டியிருந்தால் அது கிடப்பில் போனது. நம் அலுவலக நடைமுறையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்: மானியக் கோரிக்கை தயாராகும் மாதத்தில், பொறுப்பான துறையின் கோப்பில், ஏற்கெனவே உள்ள கணக்குத் தலைப்பின் கீழ் வைக்கத்தக்க வடிவில் வந்துசேராத ஆய்வு, அடுத்த ஆண்டுவரை காத்திருக்கும், அதற்குள் செயலாளர் மாறியிருப்பார்.

இந்தப் பின்னணியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பார்க்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் 1.14 லட்சம் பிள்ளைகளோடு அது தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 30,000-க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. முதல் கட்டப் பள்ளிகளைப் பார்த்த மாநிலத் திட்டக் குழு, 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் வருகை உயர்ந்ததாகக் கூறியது. மகிழ்ச்சியான செய்தி, அதை நான் நம்பவும் விரும்புகிறேன். ஆனால் அது முன்பு, பின்பு என்ற ஒப்பீடு. நீண்ட மூடலுக்குப் பிறகு பள்ளிகள் இயல்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உணவு இல்லாத பள்ளிகளிலும் வருகை உயர்ந்திருக்கலாம். அவற்றோடு ஒப்பிட்ட பிறகுதான் உயர்வில் உணவின் பங்கு இவ்வளவு என்று சொல்ல இயலும்.

ஒப்பிடுவதற்கான வாய்ப்பு அந்த விரிவாக்கத்திலேயே இருந்தது. 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை ஏறத்தாழ ஓராண்டுக் காலம், அருகருகே உள்ள ஊர்களில் ஒரு பள்ளியில் காலை உணவு இருந்தது, இன்னொன்றில் இல்லை. நாள் வருகை கல்வித் துறையின் பதிவேட்டில் இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் இருக்கிறது. அதைத் தோண்டியெடுத்து ஒப்பிடும் வேலையை இப்போதும் செய்யலாம். காலை இடைவேளைக்கு முன்பு வகுப்பில் பிள்ளைகளின் கவனம், அவர்களின் எடை, இரும்புச்சத்து ஆகியவற்றை அந்த ஓராண்டுக்குள் இரு வகைப் பள்ளிகளிலும் அளந்திருந்தால்தான் உண்டு. அடுத்த கட்ட விரிவாக்கத்துக்கான பள்ளிப் பட்டியல் எப்போது தயாரானாலும், உணவுப் பாத்திரங்கள் போய்ச்சேரும் முன்பே, பட்டியலில் இருக்கும் சில நூறு பள்ளிகளுக்கும் காத்திருக்கும் சில நூறு பள்ளிகளுக்கும் எடைபார்க்கும் கருவியோடு ஆட்கள் போக வேண்டும். அந்தப் பள்ளிகளில் முதல் தட்டுப் பொங்கலோ உப்புமாவோ பரிமாறப்பட்ட மறுநாள் போனால் காலம் கடந்திருக்கும்.